புதினாவுக்குக் கொதிக்கிற தண்ணி, கிரீன் டீக்கு ஆறுன தண்ணி

கடையில புதினா டீன்னு போட்டிருக்கற டப்பாவ எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாத்தீங்கன்னா உள்ள இருக்கறது பெரும்பாலும் மூணுல ஒண்ணா இருக்கும். கிரீன் டீ இலையோட காஞ்ச புதினாவ கலந்தது ஒண்ணு. தேயிலையே இல்லாம வெறும் பெப்பர்மின்ட் இலை, அதாவது ஹெர்பல் டீன்னு விக்கறது இன்னொண்ணு. அப்புறம் கிரீன் டீ மேல புதினா வாசனைய மட்டும் ஏத்தி வச்சது, அதுல இலையா பாத்தா புதினா ஒரு துணுக்குகூட இருக்காது. மூணு டப்பாவுலயும் அதே பச்சை இலைப் படம்தான், ஆனா டம்ளர்ல ஊத்திக் குடிச்சா மூணும் மூணு விதம். ரொம்ப நாளா இதுகள வாங்கிட்டு வந்து பக்கத்துல பக்கத்துல வச்சு ருசி பாத்துட்டே இருக்கேன், இப்ப எனக்குன்னு ஒரு தெளிவு வந்திருக்கு, அத சொல்லத்தான் இது. புதினாவும் கிரீன் டீயும் அருமையான ஜோடி, ஆனா ரெண்டையும் ஒரே சூட்டுல ஒண்ணா ஊற வச்சா ஏதாவது ஒண்ணு கட்டாயம் கெட்டுப்போகும்.

ஏன்னு கேட்டா, கிரீன் டீங்கறது பறிச்ச இலைக்கு சூடு காட்டி அது செவக்காம நிறுத்தி வச்சது. சீனாவுல பெரும்பாலும் வாணலியில வறுப்பாங்க, ஜப்பான்ல ஆவியில காட்டுவாங்க. நம்ம வீட்டு டீத்தூளுக்கு இலைய நசுக்கி, காத்துப்பட விட்டு, நல்லா செவக்க விட்டு அப்புறம்தான் காய வைக்கறாங்க, கிரீன் டீயில அந்த வேலை நடக்காததால கேட்டகின்னு சொல்ற துவர்ப்புச் சத்து இலையிலயே தங்கிடுது. அதுமேல கொதிக்கிற தண்ணிய நேரா ஊத்துனா அது மொத்தமா இறங்கி நாக்கு வறண்டுபோற மாதிரி ஒரு துவர்ப்பு, அடித்தொண்டையில ஒரு கசப்பு. 75லருந்து 80 டிகிரி தண்ணி, ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான் அதுக்கு. கிரீன் டீ எனக்குப் பிடிக்காதுன்னு சொல்றவங்க நிறைய பேருக்கு பிடிக்காமப் போனது இலை இல்லீங்க, அந்தக் கொதிக்கிற தண்ணிதான்.

புதினா இதுக்கு நேர் எதிர். அதோட வாசனை எண்ணெய் இலைமேல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன சுரப்பிகள்ல அடைஞ்சிருக்கு, அது இறங்கணும்னா தண்ணி தளதளன்னு கொதிச்சிருக்கணும், அஞ்சு நிமிஷமாவது ஊறணும், முக்கியமா மூடி போட்டிருக்கணும். மூடாம விட்டா சமையல்கட்டு முழுக்க கமகமன்னு மணக்கும், நமக்கும் சந்தோஷமா இருக்கும், ஆனா டம்ளர்ல இருக்க வேண்டிய வாசனைதான் காத்துல போயிட்டு இருக்கு.

இப்ப இந்த ரெண்டையும் ஒரே டீ பேக்ல போட்டு அடைச்சா என்ன ஆகும்? கொதிக்கிற தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் விட்டீங்கன்னா புதினா நல்லா இறங்கும், கிரீன் டீ கசந்துடும். 80 டிகிரியில ரெண்டு நிமிஷம்னா டீ நல்லா இருக்கும், புதினா வந்ததே தெரியாது. பேக்குக்குள்ள இருக்கறது முழு இலையா இல்லாம பொடியா இருந்தா இன்னும் மோசம், பொடியில துவர்ப்பு சட்டுனு இறங்கிடும். நான் குடிச்சுப் பாத்த பேக்குகள்ல எல்லாமே இந்த ரெண்டுல ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் இருந்துச்சு, கொஞ்சம் தேவலாம்னு இருந்ததெல்லாம் பிரமிட் மாதிரி பெரிய பேக்ல இலை இலையா போட்டிருந்தது.

தெர்மாமீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. மூணு பங்கு கொதிச்ச தண்ணி, அதோட ஒரு பங்கு சூடு பண்ணாத குடிக்கிற தண்ணி, ரெண்டையும் கலந்தா நம்ம ஊர் வெயிலுக்கு கிட்டத்தட்ட 80 டிகிரி வந்துடும். மலையில இருக்கறவங்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் கம்மி, ஊட்டி உயரத்துல தண்ணி 93 டிகிரிக்குள்ளயே கொதிச்சுடும், அதுல கால் பங்குக்கும் கொஞ்சம் கம்மியா கலந்தா போதும்.

அடுத்தது புதினா. இங்கதான் எனக்கு ரொம்ப ஆர்வம், ஏன்னா மின்ட்டுன்னு போட்டு விக்கறது ஒரே செடி கிடையாது. நம்ம மார்க்கெட்ல கட்டு கட்டா வாங்கி சட்னிக்கும் பிரியாணிக்கும் போடறது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட். இதோட வாசனைக்கு முக்கிய காரணம் கார்வோன்னு ஒரு பொருள். நாட்டு மருந்துக் கடையில கிடைக்கற சதகுப்பையிலயும் கார்வோன்தான் இருக்கு, ஆனா அது கண்ணாடியில தெரியற பிம்பம் மாதிரி திரும்பின வடிவம், அணுவெல்லாம் அதே அணு, எண்ணிக்கையும் அதே எண்ணிக்கை, திசை மட்டும்தான் வேற. ஆனா மூக்கு ரெண்டையும் சுத்தமா வேற வாசனையா எடுத்துக்குது. ரெண்டையும் ஒரு தடவை பக்கத்துல வச்சு மோந்து பாருங்க, எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு.

டப்பாவுல வர்ற பெப்பர்மின்ட் வேற செடி, ஸ்பியர்மின்ட்டும் தண்ணி ஓரத்துல வளர்ற இன்னொரு புதினாவும் கலந்து உருவான ஒட்டு ரகம். விதை பிடிக்காது, வேர்த்தண்டு கிள்ளி வச்சுத்தான் வளக்கணும். லண்டன் பக்கத்துல மிட்சம்ங்கற ஊர்ல ஒரு காலத்துல இத வயல் வயலா போட்டிருந்தாங்க, பிளாக் மிட்சம்னு ஒரு ரகமே அந்த ஊர் பேர்ல இன்னைக்கும் இருக்கு. இதுல வாய சில்லுன்னு ஆக்கற மென்தால் தூக்கலா இருக்கும், நம்ம கட்டுப் புதினாவுல மென்தால் பேருக்குத்தான். பெப்பர்மின்ட்டையும் தாண்டி மென்தால் ஜாஸ்தியா இருக்கற இன்னொரு வகை உத்தரப் பிரதேசத்துல பாராபங்கி பக்கம் ஏக்கர் கணக்குல விளையுது, கோடைக்கு முன்னாடி நட்டு ஜூன் வாக்குல அறுத்து வயலுக்குப் பக்கத்துலயே காய்ச்சி எண்ணெய் எடுத்துடுவாங்க. நாம தேய்க்கற தைலம், இருமல் மிட்டாய், பேஸ்ட் எல்லாத்துலயும் வர்ற குளிர்ச்சி இந்த மாதிரி எண்ணெய்லருந்து பிரிச்சு எடுக்கற மென்தால்தான்.

அதனாலதான் வெறும் பெப்பர்மின்ட் டீய முதல் தடவை அம்மாகிட்ட குடுத்தப்ப ஒரு மடக்கு குடிச்சுட்டு, "ஏங்கண்ணு, பல்லு வெளக்கிட்டு வாய் கொப்பளிச்ச மாதிரி இருக்குது"ன்னு டம்ளர திருப்பிக் குடுத்துட்டாங்க. அம்மா சொன்னது சரிதான். நாம சின்ன வயசுலருந்து மென்தால பேஸ்ட்லயும் தைலத்துலயும் மட்டுமே பாத்திருக்கோம், சாப்பாட்டுல பாத்த புதினா வேற. அதே அம்மாவுக்கு மாடித்தொட்டியில இருந்து பறிச்ச நாட்டுப் புதினாவ வெறும் கொதிதண்ணியில போட்டு மூடி வச்சுக் குடுத்தா ஒண்ணும் சொல்லாம ரெண்டு டம்ளர் குடிப்பாங்க.

சூடா குடிக்கிற டீ எப்படி வாயில சில்லுன்னு இருக்குன்னு யோசிச்சிருப்பீங்க. நம்ம நரம்புல குளிர்ச்சிய உணர்றதுக்குன்னே டிஆர்பிஎம்8னு ஒரு வாசல் இருக்கு, குளிர் பட்டா அது திறக்கும், மென்தால் பட்டாலும் திறந்துடும், மூளைக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 2002ல டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியா இதக் கண்டுபிடிச்சாங்க, சூடு, குளிர், தொடுதல் எல்லாத்தையும் உடம்பு எப்படி உணருதுங்கற ஆராய்ச்சிக்காக அவங்க ரெண்டு பேருக்கும் 2021ல நோபல் பரிசு கிடைச்சது. மிளகாய் காரம் சூடா எரியறதுக்குக் காரணமான வாசலையும் அதுக்கு முன்னாடி 1997லயே ஜூலியஸ் குழுதான் கண்டுபிடிச்சிருந்தாங்க.

இந்த விஷயம் ருசி பாக்கறவங்களுக்கு நேரடியா உபயோகப்படும். பெப்பர்மின்ட்ட ஒரு தடவை குடிச்சுட்டா அந்த வாசல் கொஞ்ச நேரம் திறந்தே கிடக்கும், அதுக்கப்புறம் எத வாயில வச்சாலும் சில்லுன்னுதான் இருக்கும், பச்சைத்தண்ணிகூட ஃபிரிட்ஜ் தண்ணி மாதிரி இறங்கும். அதனால நாலஞ்சு டீய வரிசையா வச்சு ஒப்பிட்டுப் பாக்கறீங்கன்னா முதல்ல வெறும் கிரீன் டீ, அடுத்து நாட்டுப் புதினா போட்டது, அப்புறம் கலவை பேக், கடைசியாத்தான் பெப்பர்மின்ட். நடுவுல ஒரு வாய் சாதாரண தண்ணி, ஒரு துண்டு பொரி உருண்டையோ ரொட்டியோ. குடிக்கறப்ப நல்லா சத்தம் வர உறிஞ்சணும், குன்னூர்ல டீ டேஸ்டருங்க கரண்டியில எடுத்து சர்ருன்னு உறிஞ்சறது சும்மா இல்லீங்க, அப்படி உறிஞ்சுனாத்தான் வாசனை தொண்டை வழியா பின்பக்கமா மூக்குக்கு ஏறும், புதினா மாதிரி வாசனையே பிரதானமா இருக்கற டீக்கு அது ரொம்ப முக்கியம்.

தண்ணியப் பத்தியும் சொல்லணும். எங்க வீட்ல குழாய்ல சிறுவாணி வரும், மாடி டேங்க்ல போர் தண்ணி. ஒரே இலை, ஒரே சூடு, ஒரே நேரம், ரெண்டு தண்ணியிலயும் போட்டுப் பாத்தேன். சிறுவாணியில போட்டது வெளிர்பச்சையா கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு, போர் தண்ணியில போட்டது மங்கலா, மஞ்சளா, மேல மெல்லிசா ஏடு மாதிரி ஒண்ணு படிஞ்சுது. தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்து டீயோட துவர்ப்புச் சத்தோட சேந்துதான் அந்த ஏடு வருது. ருசியும் தட்டையா இருந்துச்சு, புதினாவோட மேல்வாசனைகூட அமுங்கிப் போச்சு. விலை ஜாஸ்தியான டீ வாங்கறதுக்கு முன்னாடி தண்ணிய மாத்திப் பாருங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

புதினாவும் கிரீன் டீயும்னு பேசுனா மொராக்கோவ விட்டுட்டுப் பேச முடியாது. அங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் 'அதாய்'னு ஒரு டீதான், அதாவது கிரீன் டீயும் நானான்னு சொல்ற பச்சை ஸ்பியர்மின்ட்டும் சக்கரையும். 1850கள்ல ரஷ்யாவோட கிரிமியா போர் நடந்தப்ப பிரிட்டிஷ் வியாபாரிகளுக்கு பால்டிக் பக்கம் டீ விக்க முடியாம போயி சரக்க மொராக்கோ துறைமுகங்களான டான்ஜியருக்கும் எஸவீராவுக்கும் திருப்பி விட்டாங்க, அதுவரைக்கும் அரண்மனையிலயும் பணக்காரங்க வீட்லயும் மட்டும் இருந்த டீ அங்கருந்துதான் ஊரெல்லாம் பரவுச்சு. இன்னைக்கு சீனா கிரீன் டீய உலகத்துலயே ஜாஸ்தியா வாங்கற நாடு மொராக்கோ. அவங்க வாங்கறதுல முக்கியமான ஒண்ணு சீனாவுல செஜியாங் பக்கம் பண்ற கன்பவுடர், இலைய மிளகு மாதிரி கெட்டியா சுருட்டி உருட்டி வச்சிருப்பாங்க, லேசா புகை வாசம் அடிக்கும், பாக்கெட் மேல 3505ன்னு ரக நம்பர் போட்டிருக்கும்.

அக்கா பாரிஸ்ல இருக்கா. அங்க லா ஷப்பல்ல நம்ம இலங்கைத் தமிழ்க் கடைங்க வரிசையா இருக்கும், கறிவேப்பிலையிலருந்து இடியாப்ப மாவு வரைக்கும் வாங்கிட்டு அப்படியே நடந்தா பார்பெஸ், அங்க மொராக்கோ அல்ஜீரியா ஆளுங்க கடை, புதினா பெரிய பெரிய கத்தையா குமிச்சு வச்சிருப்பாங்க. அக்காவப் பாக்கப் போனப்ப பாரிஸ் பெரிய மசூதிக்குக் கூட்டிட்டுப் போனா, 1926ல திறந்தது, அதோட முத்தத்துல மரத்தடியில ஒரு டீக்கடை இருக்கு, சின்னக் கண்ணாடி கிளாஸ்ல புதினா டீ வரும். அவ்வளவு இனிப்பா ஒரு டீய நான் குடிச்சதே இல்ல, முதல் வாய்க்கு திகைச்சுப் போயிட்டேன், ரெண்டாவது வாய்க்கு அந்த சக்கரைக்கு அடியில கன்பவுடரோட கசப்பு புகையோட மெதுவா எழும்பி வந்துச்சு, அதுக்கு மேல புதினா. அப்பத்தான் அந்த சக்கரை ஏன்னு புரிஞ்சுது. அவங்க கிரீன் டீய கொதிக்க விடறாங்க, நான் மேல சொன்ன சட்டத்தையெல்லாம் மீறித்தான் பண்றாங்க, ஆனா அதுக்கு ஈடு கட்டவும் அவங்களுக்குத் தெரியும்.

அக்கா அங்க பக்கத்து வீட்டு மொராக்கோ அம்மாகிட்ட கத்துக்கிட்டு எனக்கு சொல்லிக் குடுத்தது இதுதான். டீப்பாட்ல கன்பவுடர் போட்டு கொஞ்சூண்டு கொதிதண்ணி ஊத்தி, ஒரு நிமிஷம் கழிச்சு அத ஒரு கிளாஸ்ல ஊத்தி எடுத்து வச்சுடணும், கீழ கொட்டக் கூடாது, இலையோட உயிரே அதுலதான்னு சொல்வாங்களாம். ரெண்டாவது தடவை தண்ணி ஊத்தி நல்லா சுழட்டி அத மட்டும் கொட்டிடணும், தூசியும் கசப்பும் அதுல போயிடும். அப்புறம் எடுத்து வச்ச முதல் கிளாஸ திரும்ப ஊத்தி, பாட் நிறைய தண்ணி விட்டு அடுப்புல வச்சு, கொதி வந்ததும் இறக்கி கடைசியில ஒரு கைப்பிடி புதினாவும் சக்கரையும். கரண்டி போட்டு கலக்க மாட்டாங்க, கிளாஸ்ல ஊத்தி திரும்ப பாட்ல ஊத்தி, அப்படியே நாலஞ்சு தடவை. கடைசியில கைய தலை உயரத்துக்குத் தூக்கி ஊத்துவாங்க, கிளாஸ் மேல நுரை கட்டணும். நம்ம மாஸ்டர் டீ ஆத்தறத பாத்து வளந்தவங்களுக்கு அது ரொம்பப் பழக்கமான காட்சி. குளிர்காலத்துல புதினா கம்மியா கிடைக்கறப்ப சீபான்னு ஒரு மாசிபத்திரி இனத்து கசப்பு இலைய போடுவாங்க, அது எனக்கு இன்னும் குடிக்கக் கிடைக்கல.

வீட்ல நான் பண்றப்ப சக்கரைய பாதிக்குப் பாதியா குறைச்சேன், குறைச்சதும் கசப்பு மேல வந்துடுச்சு. அதனால சக்கரை வேண்டாம்னு நினைக்கறவங்க மொராக்கோ முறைய தொட வேண்டாம், அது ஒரு முழு கணக்கு, ஒண்ண எடுத்துட்டா இன்னொண்ணு நிக்காது.

மத்ததுல துளசி புதினா கலவை எனக்கு சரிப்படல, துளசியோட கிராம்பு வாசனை புதினாவ முழுசா முழுங்கிடுது, அப்புறம் புதினா எதுக்கு. எலுமிச்சைப்புல்லும் புதினாவும் நல்லா சேருது, தேயிலையே இல்லாததால கொதிக்கக் கொதிக்க ஊத்தலாம், ராத்திரி குடிக்கலாம். பாலக்காட்டுப் பக்கம் பிரியாணிக்கு அப்புறம் குடுக்கற சுலைமானியில எலுமிச்சையோட ரெண்டு புதினா இலை போட்டா அது தனி சுகம், ஆனா அது கருப்பு டீ.

வாங்கறப்ப கவனிக்க வேண்டியது டப்பா பின்னாடி இருக்கற பட்டியல். எது எடையில ஜாஸ்தியோ அதத்தான் முதல்ல போடணும்னு விதி. கிரீன் டீக்கு அடுத்து புதினா இலைன்னு இருந்து பக்கத்துல இத்தனை சதவீதம்னு போட்டிருந்தா நம்பி வாங்கலாம். இலையே இல்லாம வெறும் ஃபிளேவர்னு மட்டும் இருந்தா டப்பாவ திறந்த உடனே ஆள தூக்கும், ஊத்திக் குடிச்சா ரெண்டாவது வாயில வாசனை காணாமப் போயிடும்.

உடம்பு விஷயத்துல ரெண்டே ரெண்டு. சாப்பாட்டோட சேத்து டீ குடிச்சா கீரை, பருப்புல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது, பெப்பர்மின்ட் டீயும் அப்படித்தான், ரத்தசோகை இருக்கறவங்க சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிச்சுக் குடிங்க. நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு பெப்பர்மின்ட் ஆகாது, இரைப்பை மேல இருக்கற வால்வ அது தளர்த்தி விட்டுடும், எங்க அத்தை அத ஜீரணத்துக்குன்னு குடிச்சு எரிச்சல் ஜாஸ்தியாகித்தான் நிறுத்துனாங்க.

இப்ப நான் பண்ற முறைய சொல்றேன். ஒரு டம்ளர்ல பத்துப் பன்னெண்டு புதினா இலைய உள்ளங்கையில வச்சு ஒரு தட்டு தட்டிப் போட்டு, கால் டம்ளர் கொதிதண்ணி ஊத்தி மூடி அஞ்சு நிமிஷம். இன்னொரு பாத்திரத்துல 2 கிராம் நீலகிரி கிரீன் டீ, அதாவது தட்டையா ஒரு ஸ்பூன், 80 டிகிரி தண்ணி முக்கால் டம்ளர், ரெண்டு நிமிஷத்துல வடிச்சு புதினா டம்ளர்லயே ஊத்திடுவேன். ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூடுதல் வேலைதான். கசப்பே இல்லாம, டீயோட இளம்பச்சை வாசம் தனியா, புதினா தனியா, ரெண்டும் தெளிவா தெரியும். கலவை பேக் எதுலயும் எனக்கு இது கிடைக்கல.

வெயில் காலத்துல இந்த வேலையும் வேண்டாம், ஏன்னா தண்ணி ஜில்லுன்னு இருந்தா கிரீன் டீயோட கசப்பு ரொம்பக் கம்மியாத்தான் இறங்கும், கஃபீனும் கம்மியா இறங்கும், புதினாவோட எண்ணெயும் நேரம் குடுத்தா மெதுவா வந்துடும். ஒரு லிட்டர் சிறுவாணி தண்ணி, மூணு நாலு ஸ்பூன் இலை, நல்லா கழுவுன ஒரு கைப்பிடி புதினா, மூடி போட்ட கண்ணாடி பாட்டில், ராத்திரி படுக்கறப்ப ஃபிரிட்ஜ்ல வச்சா காலையில வடிச்சுக்கலாம். தண்டு நீக்கிட்டு இலைய மட்டும் போடுங்க, எட்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, விட்டா புல்லு வாசம் வந்துடும். பால் டீயத் தவிர எதையும் டீன்னே ஒத்துக்காத எங்க அப்பா மே மாசத்துல மதியம் இந்த பாட்டில தேடி அவரே ஃபிரிட்ஜ திறக்கறார்.